பச்சைப் படை படர்ந்த குளத்துக்குப் படிகாரம்: அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையைக் குளங்களும் கேணிகளும் ஏந்தி வைக்கின்றன. அந்த நீரில் ஒரு பகுதி சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. ஆகவே ஒரு குளத்தில் நாம் கொட்டும் எந்தப் பொருளையும் அயல் வளவுக் கிணற்றுக்கும் சேர்த்துக் கொட்டுகிறோம் என்று எண்ணியே கணக்குப் பார்க்கவேண்டும். பிரதேச சபையோ கமக்காரர் அமைப்போ ஆலய பரிபாலன சபையோ, ‘குளம் பச்சையாகிவிட்டது, ஏதாவது மருந்து போடலாமா’ என்று கேட்கும்போது எந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்பதை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் அடிப்படை ஒன்றைச் சொல்லவேண்டும். நன்னீரில் பாசி எவ்வளவு பெருகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பொஸ்பரஸ். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 226 என்று இலக்கமிடப்பட்ட ஏரியை 1973இல் ஒரு திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும், மற்றப் பாதிக்கு அவற்றோடு பொஸ்பரசும் இட்டபோது, பொஸ்பரஸ் சேர்ந்த பாதியே பச்சையாகியது. அலுமினிய உப்பான படிகாரம், இலந்தனம் என்ற உலோகம் கலந்த களி, இரும்புக் குளோரைட்டு, சுண்ணாம்பு ஆகியவற்றை ஏரிகளில் இடுவது இந்தப் பொஸ்பரசைப் பிடித்து அடிச்சேற்றில் பூட்டுவதற்காகவே. பாசியைக் கொல்வது அவற்றின் வேலையன்று. சுவீடனின் லோங்சோன் ஏரியில் 1968இல் அலுமினியம் இடப்பட்டதிலிருந்து இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று அளவுகளை எடுத்துக் கொப்பியில் எழுதிவையுங்கள். முதலாவது பி.எச்., அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். அதை விடியற்காலை ஒரு தடவையும் பின்னேரம் மூன்று மணியளவில் ஒரு தடவையும் பார்க்கவேண்டும். இரண்டாவது நீரின் காரத்தன்மை, அதாவது அமிலம் சேர்ந்தாலும் பி.எச். சட்டென்று விழாமல் தாங்கும் கையிருப்பு. மூன்றாவது தெளிவின் ஆழம். ஒரு சாண் அகலமுள்ள வெள்ளைத் தட்டில் பாரம் கட்டிக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றை அளந்தால் போதும். இந்த மூன்றில் பின்னேரத்துப் பி.எச். அளவைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் பல மென்னீர் ஏரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை, படிகாரம் பி.எச். அளவைக் கீழே தள்ளிவிடுமே என்பது அவற்றின் கவலை. பச்சை பிடித்த எங்கள் ஆழமற்ற குளங்களிலோ தொல்லை பெரும்பாலும் மேல்நோக்கியே வருகிறது. காரணத்தை மூன்றாம் அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி 1: நீர் பச்சையாக இருக்கிறது, கரையில் பெயின்ற் கரைத்தாற்போல் படை ஒதுங்குகிறது

பச்சை எல்லாம் ஒன்றல்ல. ஒரு தடியை விட்டுத் தூக்குங்கள். மயிர்க்கற்றைபோல் தடியில் தொங்கினால் அது இழைப்பாசி; வாரி எடுத்துவிடலாம். சிறு சிறு இலைகளாக ஒட்டிக்கொண்டு வந்தால் நீரில் மிதக்கும் தாவரம். தடி பச்சைப் பெயின்றில் தோய்ந்ததுபோல் வந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்கவேண்டும். சந்தேகத்தைத் தீர்க்கக் கையுறை போட்டுக்கொண்டு, தெளிந்த கண்ணாடிப் போத்தலில் முக்காற்பங்கு நீர் எடுத்து, குலுக்காமல் ஓர் இரவு யன்னலோரம் வைத்துவிடுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் சாதாரணப் பச்சைப் பாசியாக இருக்கலாம். போத்தலின் கழுத்தடியில் பச்சை வளையம் கட்டி, கீழே நீர் வெளிறியிருந்தால் வாயுப் பைகளால் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி என்று பெரும்பாலும் கொள்ளலாம். உறுதிப்படுத்துவதற்கு நுணுக்குக்காட்டி வேண்டும்.

நீலப்பச்சைப் பாசி என்றால் மாடு குடிப்பதையும் பிள்ளைகள் குளிப்பதையும் அன்றே நிறுத்துங்கள். அதன் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சுகளை உண்டாக்குகின்றன. அவற்றுள் நன்கு அறியப்பட்ட மைக்ரோசிஸ்டின் எல்.ஆர். குடிநீரில் லீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் ‘துருசு போட்டால் இரண்டு நாளில் செத்துவிடும்’ என்று சொல்வார். முந்திரிகைத் (திராட்சை) தோட்டத்துக்குத் துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை அடித்துப் பழகிய ஊரில், துருசு என்ற செப்புச் சல்பேற்று கைக்கெட்டும் பொருள். பாசி சாகும் என்பதும் உண்மையே. ஆனால் செத்த கலம் உடைந்து தனக்குள் இருந்த நஞ்சை ஒரே தடவையில் நீருக்குள் விட்டுவிடும். 1979இல் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணைக்கட்டில் படர்ந்த பாசியைக் கொல்லச் செப்புச் சல்பேற்று இட்டபின், 148 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் சிறுவர்கள். மேலும், வன்னீரில் செப்பு விரைவிலேயே காபனேற்றாகப் படிந்துவிடுவதால், வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் போட்டு, சேறு முழுவதும் செப்பேறிப் போகும். பொஸ்பரசோ இருந்த இடத்திலேயே இருக்கும். குடிநீர்க் கிணறுகளுக்கு நடுவே உள்ள எந்தக் குளத்துக்கும் துருசை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அறிகுறி 2: விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

இது ஒட்சிசன் பற்றாக்குறை. இரவு முழுவதும் பாசியும் சேறும் மூச்சுவிட்டு நீரிலிருந்த ஒட்சிசனைத் தீர்த்துவிட்டன. அன்றைக்கு எந்த இரசாயனமும் போடக்கூடாது. நீரிறைக்கும் இயந்திரத்தை வைத்துக் குளத்து நீரையே உயரத் தூக்கிச் சிதறவிடுங்கள். இரவு பத்து மணி தொடங்கி வெயில் ஏறும்வரை ஓடினால் பயன் தெரியும். செத்த மீனை உடனுக்குடன் அள்ளிப் புதையுங்கள், ஏனெனில் அழுகும் மீனும் பொஸ்பரஸ்தான். மீன் நிலைமை சீராகி ஒரு வாரமாவது கடந்தபின்பே படிகாரத்தைப் பற்றிப் பேசலாம்.

அறிகுறி 3: படிகாரம் இட்டோம், திரளை விழவில்லை, நீர் பால்போல் வெளிறி நிற்கிறது

இதை நான் பட்டறிந்தே எழுதுகிறேன். ஊர்க் கேணியொன்றில் நாங்கள் சிலர் சேர்ந்து படிகாரம் இட்டபோது, காலையில் பார்த்த பி.எச். எட்டுக்குச் சற்று மேலே இருந்தது, எல்லாம் சரி என்று நினைத்தோம். கரைசல் தெளிக்கும் இயந்திரம் வந்துசேர மத்தியானமாகிவிட்டது. வந்த ஆட்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் மூன்று மணிக்குத் தொடங்கினோம். பஞ்சுபோல் திரண்டு இறங்கவேண்டிய திரளை உருவாகவில்லை. கேணி முழுவதும் அரிசி கழுவிய தண்ணீர்போல் வெளிறி, மூன்று நாளாகியும் அடையாமல் கிடந்தது. படிகாரம் மட்டமானது என்று விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு, நான்காம் நாள் பின்னேரம் மீண்டும் பி.எச். பார்த்தபோதுதான் விடயம் புரிந்தது: படிகாரம் விழுந்த பிறகும் அளவு ஒன்பதுக்கு மேலே நின்றது.

நடப்பது இதுதான். வெயிலில் பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்ச உறிஞ்சப் பி.எச். ஏறுகிறது. காலையில் எட்டை ஒட்டியிருக்கும் அளவு பின்னேரம் பத்தை நெருங்குவது அடர்ந்த பச்சைக் குளத்தில் புதுமையல்ல. அலுமினியம் ஐதரொட்சைட்டுத் திரளையாகி, பொஸ்பேற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குவது ஏறக்குறைய 6 முதல் 8 வரையான பி.எச். அளவில். ஒன்பதுக்கு மேல் அது அலுமினேற்றாகக் கரையத் தொடங்கும். பிடித்த பொஸ்பேற்றையும் விட்டுவிடும். ஆறுக்குக் கீழே போனால் மறுபக்கத்தில் கரைந்து, மீனின் செவுளைத் தாக்கும் நஞ்சு வடிவமாகும். பாதுகாப்பான வாசல் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே வெளிறிவிட்டதென்றால் மேலும் படிகாரம் கொட்டாதீர்கள். நீரை இறைத்துச் சிதறவிட்டால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்து பி.எச். மெல்ல இறங்கும், இரவிலும் தானாகவே சற்று இறங்கும். முகில் மூடிய இரண்டு நாள்கள் வந்தால் பாதி வேலையை வானமே செய்துவிடும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கோடைப் பச்சை தலையெடுக்கும் பங்குனி, சித்திரை வரை காத்திராமல், மாரி ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும் தை, மாசியில் இடுங்கள். விடியப்புறம் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கிணற்று நீர் வன்மையானது என்பதற்காகக் குளத்து நீரும் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது. களி அடித்தளமுள்ள குளத்தில் தை மாதம் நிற்பது பெரும்பாலும் புது மழைநீர். அதன் காரத்தன்மை குறைவாக இருக்கலாம். ஒவ்வொரு மில்லிகிராம் அலுமினியமும் ஏறக்குறைய 5.6 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். லீற்றருக்கு 5 மில்லிகிராம் அலுமினியம் இட்டால் 28 மில்லிகிராம் காரத்தன்மை போய்விடும். கையிருப்பு அதைவிடத் தாராளமாக இல்லையென்றால், படிகாரத்தோடு சோடியம் அலுமினேற்றையோ, அடுக்களையில் அப்பச்சோடா என்று நாம் சொல்லும் சோடியம் இருகாபனேற்றையோ சேர்த்துத்தான் இடவேண்டும்.

இதையெல்லாம் குளத்தில் பரீட்சித்துப் பார்க்காமல் போத்தலில் பாருங்கள். 10 கிராம் படிகாரத்தை 1 லீற்றர் நீரில் கரைத்தால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரும் 1 லீற்றர் குளத்து நீருக்கு 10 மில்லிகிராம் படிகாரத்தைக் கொடுக்கும். நான்கு போத்தல்களில் 3, 6, 9, 12 மில்லிலீற்றர் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். எந்தப் போத்தலில் பஞ்சு நன்றாக இறங்கி, பி.எச். 6.5க்கும் 8க்கும் இடையில் நிற்கிறதோ அதுவே உங்கள் தொடக்க அளவு.

இன்னொன்று, கடையில் சீனக்காரம் என்று கேட்டு வாங்கும் கட்டி பெரும்பாலும் பொட்டாசியப் படிகாரம். அதில் அலுமினியம் நூற்றுக்கு 5.7 பங்குதான். நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மூட்டையாக வரும் அலுமினியம் சல்பேற்றில் 8 முதல் 9 பங்கு வரை இருக்கும். ஒன்றுக்குப் போட்ட கணக்கை மற்றதற்கு எடுத்தால் மூன்றிலொரு பங்கு பிழைக்கும்.

அறிகுறி 4: தெளிந்தது, ஆனால் சில கிழமைகளில் அல்லது அடுத்த கோடையில் மீண்டும் பச்சை

மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுக்கும் முன், பொஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும். ஒன்று வெளியிலிருந்து, இல்லையேல் அடியிலிருந்து.

மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். வெயில் நாளில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால்கள் அன்றைக்குத்தான் வாய் திறக்கும். கடைகளின் கழிவு வாய்க்கால், மலக்குழி நிரம்பி வழியும் வளவு, வாகனம் கழுவும் இடம், வெங்காயத் தோட்டத்து எருவும் உரமும் கரைந்து வரும் மதகு, கரையில் கட்டும் மாட்டுப் பட்டி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு போத்தல் நீர் எடுத்து மொத்தப் பொஸ்பரசுக்குப் பரிசோதிக்கக் கொடுங்கள். மழைக்குப் பிறகே பச்சை வருகிறது என்றால் வரத்து வாய்க்காலைத் திருப்புவதும், வண்டல் தங்கும் குழியொன்றை வெட்டிப் புல் வளர்ப்பதும்தான் வைத்தியம். அதைச் செய்யாமல் படிகாரம் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதுதான்.

மழையே இல்லாத நாள்களில் பச்சை கட்டினால் சேற்றைச் சந்தேகியுங்கள். சேற்றுக்கு அருகில் ஒட்சிசன் தீர்ந்ததும், இரும்போடு பிணைந்திருந்த பொஸ்பேற்று அவிழ்ந்து மேலேறுகிறது. இதன் பருமனை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 40 பரப்புக் குளம், ஏறக்குறைய 1 ஹெக்டேயர். சராசரி ஆழம் 1.2 மீற்றர் என்று கொள்வோம். நீரின் கொள்ளளவு சுமார் 12,000 கனமீற்றர். நீரில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் பொஸ்பரஸ் இருந்தால் குளம் முழுவதற்கும் 1.2 கிலோகிராம். மேற்சேற்றில் சதுர மீற்றருக்கு 2 கிராம் அவிழக்கூடிய பொஸ்பரஸ் இருந்தால் 20 கிலோகிராம். நீரை மட்டும் தெளியவைக்கும் அளவுக்குப் படிகாரம் போட்டவர் அந்த 1.2 கிலோவைத்தான் பிடித்தார். அடியில் 20 கிலோ காத்திருக்கிறது.

சேற்றைப் பூட்டவேண்டுமென்றால் பொஸ்பரசைப்போல் பத்து மடங்கு அலுமினியம் என்ற அளவை ஒரு தொடக்கக் கணக்காக வைக்கலாம். அப்படியானால் 200 கிலோகிராம் அலுமினியம், அதாவது 8 சதவீத அலுமினியம் சல்பேற்றில் 2,500 கிலோகிராம். ஒரே நாளில் இட்டால் லீற்றருக்கு ஏறக்குறைய 17 மில்லிகிராம் அலுமினியம் விழுந்து, 93 மில்லிகிராம் காரத்தன்மை போகும். அதனால் மூன்று நான்கு தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் குளத்தின் ஒரு பாதியை மட்டும் தெளித்து மீன்களுக்கு ஒதுங்க இடம் விட்டு, இடையிடையே பி.எச். பார்த்துச் செய்யவேண்டும். சேற்றின் அளவை ஆய்வுகூடத்தில் எடுக்காமல் இந்த 2 கிராமை அப்படியே உங்கள் குளத்துக்குப் பாவித்துவிடாதீர்கள். இது கணக்கு விளங்குவதற்காக நான் வைத்த எண்.

எத்தனை காலம் நிற்கும் என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. அலுமினியம் இடப்பட்ட 114 ஏரிகளின் தரவுகளைச் சேர்த்து 2016இல் வெளியான ஆய்வில், பயன் நீடித்த காலம் சராசரி 11 ஆண்டுகள்; மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் படைபிரிந்து நிற்கும் ஆழமான ஏரிகளில் 21, ஆழமற்றவற்றில் 6க்கும் குறைவு. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஆழமற்ற கிறீன் ஏரிக்கு 1991, 2004, 2016 என மூன்று முறை படிகாரம் இட்டிருக்கிறார்கள். எங்கள் குளங்கள் அவற்றைவிடவும் ஆழம் குறைந்தவை. வைகாசிக்குப் பின் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் அடியில் படிந்த திரளை கிளம்பிக் காற்றொதுக்கான கரையில் குவிந்துவிடும். சேற்றைக் கிளறித் தின்னும் மீன்கள் மிகுந்தால் அதே கதைதான்.

ஆகவே ஆவணி, புரட்டாதியில் வற்றிவிடும் குளம் என்றால் நான் படிகாரத்தைவிடத் தூர் வாருவதையே தெரிவு செய்வேன். பொஸ்பரசைப் பூட்டி வைப்பதைவிட வண்டியில் ஏற்றி வெளியே அனுப்புவது நிச்சயமானது. முந்தியவர்கள் குளத்து மண்ணைத் தோட்டத்துக்கு ஏற்றியது சும்மா அல்ல. பட்டணத்துக் குளத்து மண்ணென்றால் பார உலோகங்களுக்குப் பரிசோதித்த பின்பே தோட்டத்துக்குக் கொடுக்கவேண்டும். வெட்டும் இயந்திரக்காரரிடம் முன்கூட்டியே ஆழத்தைக் குறித்துக் கொடுங்கள்: கறுத்த சேறு முடிந்து களி தெரியும் இடத்தில் நிறுத்தவேண்டும். களியைக் கிழித்துப் பாறை வெடிப்பைத் திறந்துவிட்டால், குளமும் நீர் பிடிக்காது, அழுக்கும் வடிபடாமல் கிணற்றுக்குப் போகும்.

அறிகுறி 5: சேறு கறுத்து, கூழ்முட்டை மணம் வருகிறது

ஒட்சிசனற்ற சேற்றில் பற்றீரியாக்கள் சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகின்றன. இத்தகைய இடத்தில் இரும்பு உப்புகள் பயன்படா. இரும்பு சல்பைட்டோடு சேர்ந்து கறுத்துப்போக, பொஸ்பேற்று தனித்து நிற்கும். கடனீரேரியை ஒட்டிய உவர்க் குளங்களில் இது வழமை. அலுமினியத்தின் பிணைப்பு ஒட்சிசனைச் சார்ந்ததல்ல என்பதால் அது நிலைக்கும், ஆனால் படிகாரமும் சல்பேற்றைக் கொண்டுவருகிறது என்பதை மறக்கவேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் 1990களில் உருவான இலந்தனக் களி பி.எச். அளவை அதிகம் அசைக்காது; நிறையில் ஏறக்குறைய நூறு பங்கு களி ஒரு பங்கு பொஸ்பரசைப் பிடிக்கும் என்று கணக்கிடுவார்கள். இறக்குமதிச் செலவு ஒருபுறமிருக்க, உவர் நீரில் இலந்தனம் கழன்று கரையக்கூடும். உவர்க் குளத்துக்கு அதை இடாதீர்கள்.

அறிகுறி 6: நீர் பச்சையல்ல, செம்மண் கரைத்ததுபோல் இருக்கிறது

இது பாசியன்று, களித் துகள். படிகாரம் இட்டால் ஒரு நாளில் தெளியும், அடுத்த காற்றில் மீண்டும் கலங்கும். அணையில் புல் பதிப்பதும் மாடு இறங்கும் துறையை ஓரிடத்துக்கு ஒதுக்குவதும் போதும்.

அறிகுறி 7: நீர் தெளிந்துவிட்டது, இப்போது குளம் முழுவதும் தாவரம்

அடியில் வேர்விட்ட தாவரம் என்றால் வருந்தவேண்டாம். ஒளி அடிவரை போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அது சேற்றைப் பிடித்துவைக்கும். படகு போகும் வழியை மட்டும் வெட்டிவிடுங்கள். ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் வேறு விடயம். இலங்கையில் ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே சட்டம் இயற்றவேண்டி வந்தது. இவை மிதப்பவை, தமக்கு வேண்டியதை நீரிலிருந்து நேரே எடுப்பவை. கையால் வாரிக் கரையிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்க் கூட்டெருவாக்குங்கள். கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் அத்தனை பொஸ்பரசும் குளத்துக்குத் திரும்பிவிடும்.

அறிகுறி 8: குளம் தெளிந்தது, அயற் கிணற்று நைத்திரேற்று குறையவில்லை

குறையாது. படிகாரமோ இலந்தனமோ சுண்ணாம்போ நைத்திரேற்றைப் பிடிப்பதில்லை. கிணற்று நைத்திரேற்று யூரியாவிலிருந்தும் எருவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நேரே பாறைக்குள் இறங்குவது; குளத்துப் பச்சையோடு அதற்குள்ள உறவு, இரண்டுக்கும் ஊற்றுக்கண் ஒன்றாக இருக்கலாம் என்பதே. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற வரம்பைக் கிணறு தாண்டியிருந்தால், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்த நீரைப் பாவிக்கக்கூடாது. கொதிக்கவைத்தால் நீர் வற்றி நைத்திரேற்று இன்னும் செறியும். படிகாரம் இட்ட குளத்தை அடுத்த கிணறுகளில் இடுவதற்கு முன்னும், ஒரு மாதம் கழித்தும், அடுத்த மாரி முடிந்த பின்பும் அலுமினியம், சல்பேற்று, பி.எச். ஆகியவற்றோடு நைத்திரேற்றையும் பரிசோதித்து, அதே கொப்பியில் திகதியிட்டு எழுதிவையுங்கள். ‘குளத்துக்கு மருந்து போட்டதால்தான் எங்கள் கிணறு கெட்டது’ என்று யாராவது வந்து நின்றால், அவருக்கு முன்னால் விரித்து வைக்க அந்தக் கொப்பி கையில் இருக்கவேண்டும்.